பிரித்துத் தைத்த வரலாறு: ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட பாவாடை



ஸ்காட்லாந்தில் பல குடும்பங்களின் அலமாரிகளில் கனத்த கம்பளிப் பாவாடை ஒன்று பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். பச்சை, நீலம், சிவப்பு எனப் பல வண்ணக் கட்டங்கள். பின்புறம் நெருக்கமான மடிப்புகள். பக்கத்தில் தோல் வாரும் பூட்டும். பாட்டி அணிந்தது தாய்க்கும், தாய் அணிந்தது மகளுக்கும் வந்து சேரும். ஆனால், துணி வந்து சேரும் அளவுக்கு உடலின் அளவு வந்து சேர்வதில்லை. பாட்டியின் இடையளவு வேறு. பேத்தியின் இடையளவு வேறு. ஆகவே, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் கத்தரிக்கோலும் ஊசியுமாக அமர்ந்து, பழைய தையலைப் பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சிறிய வேலைக்குள் ஒரு நாட்டின் முந்நூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. மரபைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பொறுப்பில் இருக்கும் நமக்கும் அதில் கற்றுக்கொள்ளச் சில செய்திகள் உள. ஸ்காட்லாந்துக்காரர்கள் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். 1821இல் சிங்கப்பூரில் வணிகம் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் பிற்காலத்தில் மலாயாவில் பெரும் ரப்பர்த் தோட்டங்களை நடத்தியது. நம் முன்னோர் பால்மரம் வெட்டிய தோட்டங்களில் துரைமார்களாக இருந்தோர் பலர் அந்நாட்டவரே. அவர்களின் ஊரில் ஓர் உடை பட்ட பாட்டை இக்கட்டுரையில் காண்போம்.

வெட்டாத துணி

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கட்டம் போட்ட அந்தத் துணிக்கு 'டார்டன்' என்று பெயர். அதனை மடித்து இடையில் அணியும் உடைக்குக் 'கில்ட்' என்று பெயர். 'கில்ட்' என்பது தொடக்கத்தில் ஒரு வினைச்சொல். ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்த இச்சொல்லுக்கு ஆடையைத் தூக்கிச் செருகுதல் என்று பொருள். வயலில் இறங்கும்போது வேட்டியை மடித்துக் கட்டுகிறோமே, அந்தச் செயலே அது. செயலின் பெயர் பின்னர் உடையின் பெயராயிற்று.

டார்டன் துணியின் அழகு அதன் ஒழுங்கில் இருக்கிறது. பாவில் எந்த வரிசையில் வண்ண இழைகள் செல்கின்றனவோ, பெரும்பாலும் அதே வரிசையில் ஊடையிலும் செல்கின்றன. இத்தனை பச்சை இழை, இத்தனை கறுப்பு இழை, இத்தனை நீல இழை என்று எண்ணிக்கையால் எழுதி வைத்துவிட்டால், பார்த்திராத நெசவாளரும் அதே துணியை நெய்துவிடலாம். இந்த வரிசை அமைப்பைச் 'செட்' என்பர்.

இத்துணி எவ்வளவு பழையது? ஃபால்கர்க் என்னும் ஊரில், உரோமானிய வெள்ளிக் காசுகள் நிறைந்த மண்பானையோடு ஒரு துணுக்குத் துணி கிடைத்தது. அது மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாயமிடாத இருநிறக் கம்பளியால் நெய்த எளிய கட்டம் அதில் இருக்கிறது. சாயமிட்ட பல வண்ண டார்டன்களுள், ஸ்காட்லாந்தில் கிடைத்தவற்றில் மிகப் பழையது கிளென் ஆஃப்ரிக் பள்ளத்தாக்கின் சதுப்பு நிலத்திலிருந்து 1980களின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. அறிவியல் சோதனைகள் அதன் காலத்தைப் பெரும்பாலும் 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டதாகக் கணித்தன. 2023இல் டண்டீ நகர அருங்காட்சியகத்தில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

துணி பழையது, ஆனால் இன்று நாம் காணும் உடை அவ்வளவு பழையதன்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஹைலேண்ட்ஸ் எனப்படும் வடமேற்கு மலைநாட்டு ஆண்கள் அணிந்தது 'பெரிய கில்ட்'. கேலிக் மொழியில் 'ஃபேலா மோர்' என்பர். அக்காலத் தறிகள் குறுகியவை. ஆகவே, இரண்டு நீளத் துணிகளைப் பக்கவாட்டில் இணைத்துத் தைத்து ஓர் அகலமான போர்வையாக்கினர். அதனைக் கொசுவி இடைவாரால் இறுக்கினர். மேற்பாதியைத் தோளில் போட்டுக்கொண்டனர். மழையில் அதுவே முக்காடு; இரவில் அதுவே படுக்கை.

புடைவை கட்டும் வீட்டில் பிறந்த நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை. வெட்டாத துணிக்கு அளவு இல்லை. தாயின் புடைவை மகளுக்குப் பொருந்தாமல் போவதில்லை. கொசுவத்தில் இரண்டு கூடும் அல்லது குறையும், அவ்வளவே. பொருந்தாமல் போவது ரவிக்கைதான். பெரிய கில்ட்டும் அத்தகையதே. தந்தையின் போர்வையை மகன் அணிய எந்தத் தையலையும் பிரிக்க வேண்டியதில்லை. பிரித்துத் தைக்கும் தேவை பிற்காலத்தில்தான் எழுந்தது.

முதல் மாற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோளில் போடும் மேற்பாதி நீங்கிற்று. இடையிலிருந்து முழங்கால் வரை மட்டும் அணியும் 'சிறிய கில்ட்' பரவிற்று. இம்மாற்றத்தைச் செய்தவர் யார் என்பதில் இன்றும் வாதம் ஓயவில்லை. 1785இல் அச்சான ஒரு கடிதம், லங்காஷயரைச் சேர்ந்த தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேய இரும்பாலை உரிமையாளரைக் கைகாட்டுகிறது. 1720களில் கிளென்காரிப் பகுதியில் உலை நடத்திய அவர், மரம் வெட்டவும் உலையில் வேலை செய்யவும் முழுப் போர்வை இடையூறாக இருப்பதைக் கண்டு அதனை இரண்டாகப் பிரிக்கச் செய்தார் என்பது அக்கடிதத்தின் செய்தி. அதற்கு முன்பே மலைநாட்டினர் தாமாகவே கீழ்ப்பாதியை மட்டும் அணிந்தனர் என்று மறுப்போரும் உளர்.

எது உண்மையாயினும் ஒன்று தெளிவு. உழைக்கும் உடலுக்கு ஏற்ப உடை மாற்றப்பட்டது. 1790களில் இன்னொரு மாற்றம் நேர்ந்தது. நாள்தோறும் கையால் கொசுவிக்கொண்டிருந்த மடிப்புகளைத் தையற்காரர்கள் நிலையாகத் தைத்துவிட்டனர். எஞ்சியுள்ளவற்றில் மிகப் பழைய தைத்த கில்ட்கள் அக்காலத்தவை. அவற்றுக்கு ஏறத்தாழ 4 கெஜம் துணியே செலவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே திசை நோக்கிய கத்தி மடிப்புகள் பரவியபோது துணியின் நீளமும் கூடிற்று. இன்று ஆண்களின் முழுமையான கில்ட்டுக்கு 8 கெஜம், அதாவது ஏறத்தாழ 7.3 மீட்டர் என்பது பலரும் சொல்லும் கணக்கு.

மடிப்பைத் தைத்த அந்த நாளில்தான் கில்ட்டுக்கு 'அளவு' என்ற ஒன்று பிறந்தது. அன்று முதல் அது ஒருவருக்குரிய உடையாயிற்று. அடுத்தவர் அணிய வேண்டுமானால் பிரித்தாக வேண்டும்.

சட்டம் தடுத்த உடை

இடைப்பட்ட காலத்தில் இவ்வுடை அழிந்தே போயிருக்கக்கூடும். 1746 ஏப்ரல் 16ஆம் நாள் கலோடன் போர்க்களத்தில், ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் அரியணையில் ஏற்றப் போராடியோர் தோல்வியுற்றனர். அப்படையில் மலைநாட்டுக் குலத்தவர் பெரும்பங்கு வகித்தனர். அவர்களை ஒடுக்க விரும்பிய பிரிட்டிஷ் நாடாளுமன்றம், குலத் தலைவர்களின் அதிகாரத்தையும் ஆயுதத்தையும் பறித்ததோடு உடையையும் தடை செய்தது. 1747 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் எந்த ஆணும் சிறுவனும் மலைநாட்டு உடையை அணியக் கூடாது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதச் சிறை. மீண்டும் பிடிபட்டால் 7 ஆண்டுகளுக்குக் கடல் கடந்த நாடுகடத்தல்.

சட்டத்தின் வாசகத்தைக் கூர்ந்து நோக்கினால் இரண்டு வாயில்கள் திறந்திருப்பது தெரியும். ஒன்று, அரசரின் படையில் பணியாற்றுவோருக்கு விலக்கு. 'பிளாக் வாட்ச்' போன்ற மலைநாட்டுப் படைப்பிரிவுகள் கில்ட்டைத் தொடர்ந்து அணிந்தன. எந்த உடைக்காகக் குடிமகன் சிறை சென்றானோ, அதே உடை படைவீரனுக்குச் சீருடையாயிற்று. அப்படைகளின் பைப் இசையை நம் மண்ணும் கேட்டிருக்கிறது. 1942 ஜனவரி 31ஆம் நாள், ஜப்பானியப் படையின் முன்னேற்றத்தால் பின்வாங்கி ஜொகூர் கடற்பாலத்தை இறுதியாகக் கடந்தது ஆர்கைல் அண்டு சதர்லாண்டு ஹைலேண்டர்ஸ் என்னும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு. அப்போது அதன் பைப் இசைஞர்கள் வாசித்துக்கொண்டு வந்தனர் என்பது வரலாறு.

மற்றொரு வாயில், சட்டம் பெண்களைக் குறிப்பிடவில்லை என்பதாகும். மலைநாட்டுப் பெண்கள் 'அரிசாட்' என்னும் நீண்ட போர்வையை அணிந்து வந்தனர். 1703இல் மேற்குத் தீவுகளைப் பற்றி நூல் வெளியிட்ட மார்ட்டின் மார்ட்டின், வெண்ணிறத்தில் சில சிறு வண்ணக் கோடுகள் ஓடிய அந்தப் போர்வை கழுத்து முதல் குதிகால் வரை தொங்கியதாகவும், மடித்து மார்புக்குக் கீழே வாரால் கட்டப்பட்டதாகவும் விவரிக்கிறார். நூல் நூற்றவர்களும் சாயமிட்டவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஆணின் உடை தடை செய்யப்பட்ட ஆண்டுகளிலும், அதனை உண்டாக்கும் அறிவு வீட்டுக்குள் இருந்தவர்களின் கையில் எஞ்சியிருந்தது.

மீட்பும் புனைவும்

1782இல் தடை நீங்கிற்று. 35 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம். சிறுவனாகத் தடையைக் கண்டவன் நடுவயதைக் கடந்துவிட்டான். ஏழை மக்கள் காற்சட்டைக்குப் பழகிவிட்டனர். ஆகவே, உடை மீண்டு வந்தபோது அது பழைய உழவனிடம் திரும்பவில்லை. செல்வர்களிடமும் நகரத்துச் சங்கங்களிடமும் சென்றது.

இன்று 'இது எங்கள் குலத்தின் டார்டன்' என்று பெருமையோடு சொல்கிறார்களே, அந்த வழக்கம் பெரும்பாலும் இக்காலத்தில் உருவானதே. நான் மேலே குறிப்பிட்ட மார்ட்டின், துணியின் அமைப்பைப் பார்த்து ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று ஊகிக்கலாம் என்றுதான் எழுதினாரே ஒழிய, எந்தக் குலத்தவர் என்று எழுதவில்லை. அந்தந்த வட்டாரத்து நெசவாளருக்குப் பிடித்த கட்டம் அந்தந்த வட்டாரத்தில் வழங்கியது. 1815இல் லண்டனில் இயங்கிய ஹைலேண்ட் சங்கம், ஒவ்வொரு குலத் தலைவரும் தம் குலத்துக்குரிய டார்டனின் மாதிரியை முத்திரையிட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. தம் டார்டன் எது என்று அறியாத தலைவர்கள் பலர் இருந்தனர்!

பானக்பர்ன் என்னும் ஊரில் வில்சன் குடும்பத்தினர் நடத்திய நெசவாலை அத்தேவையை நிறைவு செய்தது. அவர்கள் 1819இல் தொகுத்த மாதிரிப் புத்தகத்தில் 200க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. எண்ணால் மட்டும் குறிக்கப்பட்டிருந்த சில அமைப்புகள் பின்னர் குலப்பெயரைப் பெற்றன. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் அவ்வரவேற்பை டார்டன் திருவிழாவாகவே அமைத்தார். மன்னரும் கில்ட் அணிந்தார். தம் கொள்ளுப்பாட்டனார் காலத்தில் சிறைத் தண்டனைக்குரியதாக இருந்த உடையை, அதே அரச மரபைச் சேர்ந்த மன்னர் அணிந்து நின்றார்.

1842இல் சோபியெஸ்கி ஸ்டூவர்ட் எனத் தம்மை அழைத்துக்கொண்ட சகோதரர் இருவர், பழங்காலக் கையெழுத்துச் சுவடியிலிருந்து எடுத்ததாகக் கூறி ஒரு டார்டன் நூலை வெளியிட்டனர். அச்சுவடி போலியானது என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஆனால், அந்நூலில் கண்ட அமைப்புகள் பல இன்றும் குலங்களின் டார்டனாக வழங்கி வருகின்றன. புனைந்து சொன்ன தோற்றக் கதை உதிர்ந்துவிட்டது, துணி நிலைத்துவிட்டது.

நம்மில் சிலருக்கு இது ஏமாற்றமளிக்கலாம். 'அப்படியானால் எல்லாம் பொய்யா?' என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பொய்யன்று. 1840களில் தொடங்கிய வழக்கத்துக்கு இன்று வயது 180க்கும் மேல். அவ்வுடையில் மணம் புரிந்தோரும், போரில் மாண்டோரும், நாடு விட்டு நாடு சென்றோரும் எத்தனையோ பேர். ஒரு மரபுக்குத் தொடக்க ஆண்டு இருப்பது அதற்கு இழுக்காகாது. இல்லாத பழமையை ஏற்றிச் சொல்வதுதான் இழுக்கு. மரபைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது நாமும் நினைவில் கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

பாவாடையான கதை

கில்ட் ஆணுடையாகவே வளர்ந்தது. விக்டோரியா அரசியார் காலத்தில், 1848 முதல் அரச குடும்பத்தினர் பால்மோரலில் தங்கத் தொடங்கிய பிறகு, டார்டன் பெண்களின் கவுன்களிலும் சால்வைகளிலும் ஏராளமாக இடம்பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் கில்ட்டின் வடிவத்தை ஒட்டிய மடிப்புப் பாவாடை பெண்களின் வழக்கமான உடைகளுள் ஒன்றாயிற்று. பல நாடுகளில் பள்ளிச் சீருடையாகவும் பரவிற்று. முன்பு ஆண்களே ஆடிய ஹைலேண்ட் நடனப் போட்டிகளில் இன்று பெரும்பான்மையோர் பெண்களே. அவர்கள் அணிவதும் கில்ட்தான்.

பெண்களின் கில்ட் பாவாடை பொதுவாக ஆணுடையை விட மென்மையான துணியில், குறைந்த மடிப்புகளோடு தைக்கப்படும். ஆணுடை வலப்புறம் திறக்கும். பெண்ணுடையை இடப்புறம் திறக்குமாறு தைப்பது ஒரு வழக்கம். எல்லாரும் அதனைப் பின்பற்றுவதில்லை. தந்தையின் கில்ட்டை மகளுக்கு மாற்றும் குடும்பத்தில் இது ஒரு கேள்வியாக எழும். திறப்பை மாற்ற வேண்டுமானால் மடிப்புகளின் திசையையும் மாற்ற வேண்டும். அதாவது, முழுவதையும் பிரிக்க வேண்டும். பலர் அப்படியே விட்டுவிடுகின்றனர். திறப்பு வலப்புறமே இருப்பது, அது அப்பாவினுடையது என்பதற்கு அடையாளமாகிவிடுகிறது.

பிரித்துத் தைக்கும் முறை

இனி, வேலையைப் பார்ப்போம். கில்ட்டுக்கு முன்புறம் மடிப்பில்லாத இரண்டு மடல்கள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அவை படியும். பின்புறம் முழுவதும் மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் இடையிலிருந்து இடுப்பின் அகன்ற பகுதி வரை தைக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தையலின்றி விசிறி போல் விரியும்.

பழைய உடையும் புதிய உடலும் சற்றே வேறுபட்டால் வேலை எளிது. தோல் வாரையும் பூட்டையும் கழற்றி ஓர் அங்குலம் தள்ளித் தைத்தால் போதும். அதற்கு மேல் தள்ளினால் மேல்மடல் நடுவிலிருந்து விலகி, கட்டங்கள் கோணலாகத் தெரியும். அளவு அறிந்தவர் அத்துடன் நிறுத்திக்கொள்வார்.

வேறுபாடு அதிகமானால் மடிப்புகளிடம் செல்ல வேண்டும். இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. நான்காம் ஆண்டு மாணவர்களும் செய்துவிடுவர். பின்புறத்தில் 25 மடிப்புகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொரு மடிப்பையும் 2 மில்லிமீட்டர் மட்டும் தளர்த்தித் தைத்தால் 25 × 2 = 50 மில்லிமீட்டர்; அதாவது 5 சென்டிமீட்டர், ஏறத்தாழ 2 அங்குலம். இறுக்க வேண்டுமானாலும் இதே கணக்குத்தான். ஒரே இடத்தில் 5 சென்டிமீட்டரைப் பிடித்துத் தைத்தால் உடை அசிங்கமாகிவிடும். எல்லா மடிப்புகளும் ஆளுக்கு 2 மில்லிமீட்டரை ஏற்றுக்கொண்டால் மாற்றம் நடந்ததே கண்ணுக்குத் தெரியாது.

ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. நல்ல கில்ட்டில் மடிப்புகள் ஏனோதானோ என்று அமைவதில்லை. மடித்த பிறகும் பின்புறத்தில் அதே கட்டம் முழுமையாகத் தெரியுமாறு ஒவ்வொரு மடிப்புக்கும் உரிய கோடு தேர்ந்தெடுக்கப்படுகிறது. படைப்பிரிவுகளில் ஒரே கோடு எல்லா மடிப்பிலும் வருமாறு மடிப்பதும் உண்டு. ஆகவே, தளர்த்தும்போது மடிப்பின் இருபுறமும் சமமாகத் தளர்த்த வேண்டும். ஒரு புறம் மட்டும் தளர்த்தினால் கோடு நடுவை விட்டு விலகும். 25 மடிப்புகளைத் தாண்டும்போது கட்டமே சிதைந்துவிடும்.

நீளத்தை மாற்றுவதுதான் கடினம். நம் பிள்ளைகளின் பள்ளிப் பினாஃபோருக்குக் கீழ்விளிம்பில் மடித்துத் தைத்திருப்போம். வளர வளரப் பிரித்துவிடுவோம். மரபான கில்ட்டில் அந்த வழி இல்லை. அதன் கீழ்விளிம்பு தறியிலேயே முடிந்து வந்த ஓரம். அதனை மடிப்பதும் இல்லை, வெட்டுவதும் இல்லை. மடித்தால் விளிம்பு தடித்து, மடிப்புகள் சீராக விழாமல் போகும். குட்டையாக்க வேண்டுமானால் மேற்பட்டியைக் கழற்றி மேலிருந்துதான் வெட்ட வேண்டும். அப்போது இடையின் குறுகிய பகுதி வெட்டுப்பட்டுப் போவதால், ஒவ்வொரு மடிப்பையும் புதிதாகக் குறுக்கித் தைத்து, தையலைக் கீழ்நோக்கியும் நீட்ட வேண்டும். நீளமாக்குவதோ அரிது, மேலே வேறு துணியால் பட்டியோ ரவிக்கையோ இணைக்கலாம். வளரும் குழந்தைகளுக்குத் தைக்கும்போது சிலர் இதனை முன்னரே எண்ணிக் கூடுதல் துணியை உள்ளே மடித்து விடுகின்றனர்.

முதலில் தைத்தவரின் மனம் இங்கே வெளிப்படும். மடிப்புகளின் உட்புறம் துணி பல அடுக்காகக் குவிந்து தடிக்கும் என்பதால், இடைக்கருகில் உள்ளடுக்குகளை வெட்டி நீக்கும் தையற்காரர்கள் உண்டு. உடை உடலோடு அழகாகப் படியும். ஆனால், பின்னாளில் அதனை முழுவதும் பிரித்து வேறு விதமாக மடிக்க இயலாது. வெட்டாமல் விட்ட துணி மட்டுமே அடுத்தவருக்குப் பயன்படும். கையால் இட்ட தையலோ ஒவ்வொன்றாகப் பிரிய இடம் கொடுக்கும்.

பிரித்த பின் ஒரு காட்சி தென்படும். வெளியே தெரிந்த பகுதி வெயிலில் வெளுத்திருக்கும். மடிப்புக்குள் ஒளிந்திருந்த பகுதி நெய்த நாளின் நிறத்தோடு இருக்கும். தளர்த்தித் தைக்கும்போது அந்தப் புதிய நிறம் ஒரு மெல்லிய கோடாக வெளியே வரும். ஈரத்துணி வைத்துச் சூடு காட்டினால் கம்பளியின் பழைய மடிப்புத் தழும்பு பெரும்பாலும் மறைந்துவிடும். வெளுப்பின் கோடு மறையாது. பூச்சி அரித்த துளைகளை அடைக்கவும் அந்த உள்மடிப்பே உதவுகிறது. கண்ணுக்குத் தெரியாத உட்புற ஓரத்திலிருந்து இழைகளை உருவி, அதே நிற இழையால் துளையை இழையோட்டி மூடுவர். கடையில் வாங்கும் எந்த நூலும் அவ்வளவு பொருந்தாது.

கை இருந்தால்தான் துணி

2009ஆம் ஆண்டு முதல் ஸ்காட்லாந்தில் டார்டன்களுக்கு அரசுப் பதிவேடு ஒன்று இயங்கி வருகிறது. 2008இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்தது அது. எந்த அமைப்பும் இனி மறைந்து போகாதவாறு இழை எண்ணிக்கையோடு பதிந்து வைக்கிறார்கள். புதிய அமைப்புகளும் அதில் தொடர்ந்து சேர்கின்றன.

பதிவேட்டில் துணியின் அமைப்பு இருக்கும். தைக்கும் கை இராது. 2021இல் பிரிட்டனின் ஹெரிட்டேஜ் கிராஃப்ட்ஸ் அமைப்பு வெளியிட்ட பட்டியலில், கில்ட் தைக்கும் கலை அருகிவரும் கைத்தொழில்களுள் ஒன்றாக இடம்பெற்றது. உலகமெங்கும் கில்ட் விற்பனையாகிறது. ஆனால், மடிப்புக்கு மடிப்புக் கட்டத்தைப் பொருத்தி, கையால் தைத்து, ஒரு நாள் பிரிக்கவும் இடம் வைத்துத் தைக்கத் தெரிந்தவர் குறைகின்றனர். அவ்வாறு குறைந்தால், பாட்டியின் பாவாடை அலமாரியில் இருக்கும். பேத்திக்குப் பொருத்தித் தர ஆள் இராது. அணிய முடியாத உடை சில ஆண்டுகளில் பழந்துணியாகிவிடும்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! நம் கையிலும் ஓர் உடை இருக்கிறது. தோட்டப்புறத்து லயங்களில் பேசப்பட்ட மொழி, நகரத்து அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க இயலாது. எதையும் மாற்றக் கூடாது என்று பெட்டியில் பூட்டினால் பிள்ளை அணியப் போவதில்லை. எளிதாக்குகிறோம் என்று கண்ட இடத்தில் வெட்டினாலும் கட்டம் சிதைந்துவிடும். ஒரே ஆண்டில், ஒரே வகுப்பில், ஓர் ஆசிரியரின் தலையில் முழுச் சுமையையும் ஏற்றாமல், ஒவ்வொருவரும் இரண்டு மில்லிமீட்டர் தளர்த்த வேண்டும். வீடு கொஞ்சம், பள்ளி கொஞ்சம், நூலகம் கொஞ்சம், கோவில் கொஞ்சம். தறியில் முடிந்து வந்த ஓரத்தை மட்டும் யாரும் வெட்டக் கூடாது. நம் மொழியில் அந்த ஓரம் எது என்பதை ஆசிரியர்கள் கூடிப் பேசித் தெளிய வேண்டும். எழுத்தும் ஒலியும் இலக்கணத்தின் அடிப்படையும் அதில் அடங்கும் என்பது என் கருத்து.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு சிறு முயற்சியைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் உள்ள பழைய உடை ஒன்றை உட்புறம் திருப்பிப் பார்த்துவரும்படி மாணவர்களிடம் கூறுங்கள். எங்கே பிரித்துத் தைத்திருக்கிறது, எத்தனை முறை, யாருக்காக, தைத்தவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். அக்காள் அணிந்த பினாஃபோர் தங்கைக்கு வந்த கதையும் அதில் இருக்கும். தேதியோடும் பெயரோடும் அதனை எழுதும் மாணவர், தம் வீட்டு வரலாற்றின் முதல் பக்கத்தை எழுதியவராவார்.